மஞ்சு இறங்கிய ஐந்தாம் ரவுண்டு

கொடைக்கல் எஸ்டேட்டின் கீழ்க்கடையில் சண்டை இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒரு கைச்சண்டையைப் பற்றிய வாய்ச்சண்டை அது. எங்கள் எஸ்டேட் குருசாமி பெரிய பாக்ஸரா, எதிர்மலை நெட்டுப்பாறை எஸ்டேட் சுவக்கீன் பெரிய பாக்ஸரா? இரண்டு பேரும் கையுறையைக் கழற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள்தான் இன்னும் மணி அடித்து முடிக்கவில்லை.

கடைக்காரர் வேதமுத்து பருப்புவடைத் தட்டுக்கு மேலே ஒரு பலகையை மாட்டி, சாக்பீஸால் ஆறு வரி எழுதி வைத்திருந்தார். எடது கை, வலது கை, காலு, மூச்சு, தாங்குறது, புத்தி. ஒவ்வொன்றுக்கும் நேரே ‘கு’ அல்லது ‘சு’. மழை ஈரத்தில் எழுத்து மங்கினால் மறுபடி அழுத்தி எழுதுவார்.

“எடது கை சுவக்கீனுக்குத்தாம்வே. அவன் நீட்டுனாம்னா ஓணான் நாக்கு நீட்டுன மாதிரி. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.”

“வலது கைக்கு என்ன சொல்லுதீரு? குருசாமி ஈரக்கொழுந்துச் சாக்கை ஒத்தக் கையால லாரிக்கு மேல எறிவான். அந்தக் கை மூஞ்சியில பட்டா என்ன ஆகும்?”

“பட்டாத்தானவே? சுவக்கீன் காலு நிக்கிற காலா?”

“மூச்சு? தாங்குறது? ரெண்டும் யாருக்கு?”

“அது குருசாமிக்கு. நான் இல்லைங்கலியே. புத்தி சுவக்கீனுக்குல்லா.”

மூன்றுக்கு மூன்று. எப்போது கூட்டினாலும் மூன்றுக்கு மூன்றுதான். ஏழாவதாக ஒரு வரி போட்டால் தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏழாவது என்ன என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். தீர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்ற பயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சண்டை அறுபத்து நான்கில், கிறிஸ்துமஸ் கழிந்து நடந்த எஸ்டேட் விளையாட்டு விழாவில். ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் தேயிலைத் தூசி அடைத்த சணல் சாக்கைக் குத்திப் பழகியவர்கள். நான்கு ரவுண்டு வரை அடிக்கு அடி சரியாகப் போனது. ஐந்தாவது ரவுண்டுக்கு மணி அடித்ததும் பள்ளிவாசல் எஸ்டேட் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறி வந்து மைதானத்தை மூடிவிட்டது. பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. நடுவராக நின்ற உதவி மானேஜர் சின்னத்துரை, நிறுத்தலாமா என்று ஜட்ஜுகளிடம் கேட்கக் கயிற்றைத் தாண்டி இறங்கினார். திரும்பிப் போக அவருக்கு வழி தெரியவில்லை.

மஞ்சு விலகியபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். குருசாமியின் இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டதற்கு இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. சமம் என்று அறிவித்து, கோப்பையை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சுவக்கீன் அடுத்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டு சாந்தன்பாறை ஏலக்காட்டுக்குப் போனார். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. பெரிய பகை என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

எழுபத்தாறு ஆனி மாதம் குருசாமி ஃபேக்டரியின் வாட்டு மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பறித்த கொழுந்தைக் கம்பி வலைத் தட்டில் பரப்பிக் காற்றில் வாடவிட்டு, பதம் வந்ததும் கீழே உருட்டு மெஷினுக்குத் தள்ளுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்ததைத்தான் அந்த மாதம் தப்பாகச் செய்தார். வாடிப் பதமாகிக் கிடந்த கொழுந்தின் மேல் மழையில் நனைந்த பச்சைக் கொழுந்தைக் கொட்டிப் பரப்பிவிட்டார். ஒரு தட்டு முழுக்கப் பாழ். ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் திட்டிவிட்டு விட்டுவிட்டார். பத்தாம் நாள் மறுபடியும் அதே தப்பு. அதற்கடுத்த வாரம் கீழே இறங்கி வந்து, சுற்றிக்கொண்டிருந்த உருட்டு மெஷினுக்கு முன்னால் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டதால் கை தப்பியது.

டீமேக்கர் எழுதிக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்திருக்கும் வெல்ஃபேர் ஆபீசர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து ஆளைப் பார்ப்பார், நிதானம் இருக்கிறதா இல்லையா என்று எழுதுவார் என்று சொல்லிவிட்டார்கள். இல்லை என்று எழுதினால் வேலை போகும். வேலை போனால் அந்த மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். குருசாமியின் மனைவி அழகுத்தாய் நாற்றுப்பண்ணையில் தற்காலிக ஆள். பதிவேட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. ஒரே மகளை போடிக்குக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அவளே மாமியார் வீட்டில் ஒரு மூலையில் படுக்கிறாள்.

“இவுக தலையில என்னமோ ஆகிப்போச்சு மதினி,” என்றாள் அழகுத்தாய், பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியிடம். இரண்டு பேரும் நாற்றுப்பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சாக்கு மூடிய முதுகில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. “நேத்து சாயங்காலம் ஒங்க வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்துட்டாகளாமே?”

“வந்தாரு. கொழம்பு என்னன்னு கேட்டாரு. கருவாடுன்னேன். போட்டேன், சாப்பிட்டாரு. லயத்துல எல்லாக் கதவும் ஒரே கதவுதான, மதினி. எங்க வீட்டுக்காரருகூடக் குடிச்சுட்டு மாறி வருவாரு.”

“இவுக குடிக்கலியே.”

முத்துப்பேச்சி நாற்றுப்பையில் மண்ணை அமுக்கினாள்.

“பாக்ஸிங் பேச்சு எடுத்தா மட்டும் தெளிவா இருக்காக மதினி. எந்த வருசம், எந்தக் கிரவுண்டு, யாரு கூட, எத்தனாவது ரவுண்டு, எல்லாம் வருது. ஆனா ஒண்ணு. சுவக்கீன் ஜெயிச்சதையெல்லாம் தான் ஜெயிச்சதாச் சொல்லுதாக. அதைக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

“அப்ப அந்தச் சுவக்கீனையே கூட்டியாந்து பக்கத்துல ஒக்காத்திப் பாரு. எதிராளியைக் கண்டா புத்தி நேராகும்.”

“வருவாரா?”

“ஆள் அனுப்பிப் பாரு. வரலைன்னா வரலை.”

வேதமுத்து மூலமாக ஏலக்காட்டு லாரியில் தகவல் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், சுவக்கீன் குடையும் கக்கத்தில் ஒரு நாட்டுக்கோழியுமாக லயத்துப் படி ஏறி வந்தார். நரைத்திருந்தாலும் கால் அதே கால்தான். வழுக்குப் படியில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

“எங்க வீட்டுல சிசிலி குடுத்து விட்டுச்சு, தங்கச்சி,” என்று கோழியை நீட்டினார். “அவன் எங்க?”

குருசாமி வாசல் பெஞ்சில் வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அழகுத்தாய் தலை சீவிவிட்டிருந்தாள். ஒரு வாரமாக அவருக்குப் பாடம் நடந்தது. ஒங்க பேரென்ன? குருசாமி. என்ன வேலை? வாட்டு மாடி. இன்னைக்கு என்ன கிழமை? ஞாயிறு. நேற்று வரை எல்லாம் சரியாகச் சொன்னார்.

சுவக்கீன் எதிரே போய் நின்றார். பன்னிரண்டு வருஷம் பேசாதவர் குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். குருசாமிதான் முகம் மலர எழுந்தார்.

“வா குருசாமி,” என்றார். “காது எப்படி இருக்கு இப்ப?”

அழகுத்தாய் ஓடி வந்து நடுவில் நின்றாள். “ஏங்க, நீங்கதான் குருசாமி. இவரு சுவக்கீன் அண்ணன். சொல்லுங்க, ஒங்க பேரென்ன?”

“இவ யாருடா?” என்று குருசாமி சுவக்கீனிடம் கேட்டார். “ஒம் வீட்டுக்காரியா?”

அந்த நேரம் பார்த்துத்தான் கீழே ஜீப் வந்து நின்றது. வேதமுத்து கடைக்கு டிரைவர் நடையைக் கட்ட, வெல்ஃபேர் ஆபீசர் மட்டும் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். கோட்டயத்துக்காரர், சின்ன வயசு. மலைக்கு வந்து மூன்று வாரமாகிறது. தமிழ் கற்றுக்கொண்டிருந்தார், பாதி வந்திருந்தது.

“நமஸ்காரம். இதில் குருசாமி ஆரு?”

குருசாமி முந்திக்கொண்டார். சுவக்கீனின் தோளில் கை வைத்து, “இவந்தான் சார் குருசாமி. நான் சுவக்கீன்,” என்றார்.

சுவக்கீன் அழகுத்தாயைப் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் இருந்த பத்துக்குப் பத்து அறையும் அதில் எரிந்துகொண்டிருந்த அடுப்பும்தான். 

“ஆமா சார். நாந்தான் குருசாமி,” என்றார் சுவக்கீன்.

ஆபீசர் பெஞ்சில் உட்கார்ந்து தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, வாட்டு மாடியில் என்ன செய்வது என்று கேட்டார். சுவக்கீன் இருபது வருஷம் எஸ்டேட்டில் கிடந்தவர். மழைக் கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும், வெயில் கொழுந்து எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

“கல்யாணம் கழிஞ்சு எத்தனை வருஷம்?”

சுவக்கீன் விழித்தார்.

“இருபது சார்,” என்றாள் அழகுத்தாய்.

ஆபீசர் சிரித்துவிட்டார். “ஆண்களுக்கு இது மட்டும் ஓர்மை, ஞாபகம் நில்க்காது. என்டெ அச்சன், அப்பாவும் இப்படித்தான்.” எழுதினார். “இந்த ஆளுக்கு ஒரு குழப்பமும் இல்லையே. பின்னே கொழுந்து எப்படி மாறிப் போயி?”

“கண்ணு மங்கிப்போச்சு சார். அந்த மாடியில வெளிச்சம் பத்தாது,” என்றார் சுவக்கீன். “மெஷின் பக்கம் இனி வேண்டாம் சார். நாத்துப்பண்ணையில போடுங்க. இவளும் அங்கதான் வேலை செய்யுதா.”

கெட்டிக்காரன். புத்திக்கு நேரே வேதமுத்து ‘சு’ என்று எழுதியது சும்மா இல்லை. அழகுத்தாய் உள்ளே போய்ப் பால் இல்லாத கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.  பொய் சொல்லிவிட்டோம் என்பதா, பிழைத்துவிட்டோம் என்பதா, எது முதலில் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வந்த வேலை முடிந்துவிட்டது. ஆபீசர் அப்போதே எழுந்து போயிருந்தால் நல்லது. அவர் வரும் வழியில் கீழ்க்கடைப் பலகையைப் பார்த்து, டிரைவரிடம் விவரம் கேட்டிருந்தார். கிளாஸை வாங்கிக்கொண்டு, சாவகாசமாகக் குருசாமியின் பக்கம் திரும்பினார்.

“சுவக்கீனே, நிங்கள் சொல்லு. ரெண்டு பேரில் ஆரு மிடுக்கன்? எல்லாம் சேர்த்துப் பார்த்தால்?”

குருசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அழகுத்தாய் மாதக்கணக்கில் பார்க்காத ஒரு தெளிவு அவர் முகத்தில் வந்தது.

“கடைப்பலகையில தப்புத்தப்பா எழுதியிருக்கு சார். எடது கை எனக்குன்னு போட்டிருக்காங்க. என் கை நீளம், வாஸ்தவம். ஆனா நான் நீட்டுன ஒடனே குருசாமி வலது பக்கம் சாஞ்சு கைக்கு உள்ள வந்திருவான். உள்ள வந்துட்டாம்னா என் நீளம் எனக்கே எடைஞ்சல். மொத ரெண்டு ரவுண்டுக்கு என் எடது கை பெருசு. பெறகு அவனுக்கு அது பழகிரும்.”

“காலு?”

“காலு எனக்குத்தான். ஆனா அவன் கொழுந்துச் சாக்கோட மலை ஏறுன காலு. நாலாவது ரவுண்டுல என் காலு நிக்க எடம் தேடும், அவன் காலு தேடாது. தாங்குறது அவனுக்குன்னு எழுதியிருக்காங்க. அவன் தாங்குவான், நான் ஒதுங்குவேன். அடி வாங்காம ஒதுங்குறதும் ஒரு தெறமைதான சார்? அதை யாரும் எழுதல.”

சுவக்கீன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு சரியாகத் தன்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

“அப்ப புத்தி?” என்றார் ஆபீசர். அவருக்கு ருசி தட்டிவிட்டது.

“புத்தி எனக்குன்னு போட்டிருக்கு.” குருசாமி எதிரே மலையைப் பார்த்தார். அதில் பாதியை மஞ்சு தின்றுவிட்டிருந்தது. “அஞ்சாவது ரவுண்டு சார். மஞ்சு எறங்கிட்டுது. அவன் வலது கை என் தாடையில பட்டுது. நான் விழுந்துட்டேன். எண்ணுறதுக்கு நடுவர் இல்ல. அவன், ‘விழுந்துட்டான்’னு ஒரு சத்தம் குடுத்திருந்தா எல்லாம் முடிஞ்சுது. குடுக்கல. குனிஞ்சு என் ரெண்டு கக்கத்துலயும் கையக் குடுத்துத் தூக்குனான். ‘எந்திரிலே, மஞ்சு வெலகட்டும், எல்லாரும் பாக்க அடிச்சுக்கிடுவோம்’னான்.”

“பின்னே?”

“எந்திரிச்சேன். அவன் கை ரெண்டும் என்னையப் பிடிச்சிருக்கு. நான் காதுக்கு மேல அடிச்சேன். ஒண்ணு இல்ல சார், மூணு அடிச்சேன்.”

“எந்தினா? எதுக்கு?”

“பயம் சார். தோத்துருவமோன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல. கெட்டவன் இல்ல நான்.”

அடுப்பில் விறகு வெடித்தது. சுவக்கீனின் கையில் இருந்த கிளாஸ் சாய்ந்து சாயா வேட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

ஆபீசர் அவர் பக்கம் திரும்பினார். “குருசாமி, இது சத்தியமா?”

“சத்தியந்தான் சார்.”

“என்னிட்டும், அப்படியும் ஒரே பெஞ்சில் இருக்கிறீங்க. இந்த ஆளிடம் தேஷ்யம் இல்லையோ? கோபம்?”

சுவக்கீன் வாயைத் திறந்தார். குருசாமியாக உட்கார்ந்து தன்னைத் தானே மன்னிக்க அவருக்கு நாக்கு எழும்பவில்லை. அவர் அழகுத்தாயைப் பார்த்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் இன்றைக்கு யார் வீடு என்று தெரியாமல் அலைவதற்குக் காரணம் இதோ எதிரே சாயா கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறது. இவன்தான் சுவக்கீன், இவன்தான் அடித்தவன் என்று கத்தினால் லயம் முழுக்கக் கூடிவிடும். கத்தினால் வீடும் போய்விடும். கத்துவதும் சரி, கத்தாமல் இருப்பதும் சரி, இரண்டுமே தப்பு. என்ன செய்வாள்?

“எங்க வீட்டுக்காரரு இதை யார்கிட்டயும் சொன்னதே இல்ல சார்,” என்றாள். “என்கிட்டக்கூடச் சொல்லல.”

அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

“வலிய மனசு,” என்றார் ஆபீசர். நிதானம் உண்டு, கண் பார்வை குறைவு, நாற்றுப்பண்ணைக்கு மாற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். படியில் இரண்டு இடத்தில் வழுக்கி, ஒருவழியாக ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சத்தம் வளைவில் மறைந்தது. பிறகு சுவக்கீன்தான் பேசினார்.

“பயம்னு அவனுக்கு எப்படித் தெரியும், தங்கச்சி? நான் யாருகிட்டயும் சொல்லலியே. சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துலகூட அடிச்சேன்னுதான் சொன்னேன். ஏன் அடிச்சேன்னு சொல்லல.”

“என்னையக் கேட்டா?” என்று சீறினாள் அழகுத்தாய். “அந்த மூணு அடிதான இவுக தலையில இப்பவும் அடிச்சுக்கிட்டு இருக்கு? அது தெரிஞ்சுதான வந்தீக?”

“தெரியாது. பாதி தெரியும். தகவல் வந்தன்னைக்கே தோணிச்சு.”

“ஒங்களை வைய வாய் வருது, வைய முடியல. ஒங்களாலதான் இவுக இப்படி ஆனாக. ஒங்களாலதான் இந்த வீடு இன்னைக்கு நின்னுச்சு. நான் எதை வெச்சுக்கிட்டு எதைக் கழிக்க? எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. கோழிய எடுத்துக்கிட்டுப் போங்க. போயிருங்க.”

கோழி மூலையில் கால் கட்டோடு கிடந்து விழித்தது. சுவக்கீன் அதை எடுக்கவில்லை. குடையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, மேலே நடக்க மாட்டாமல் தூறலில் நின்றார். குடையை விரிக்கவும் தோன்றவில்லை.

குருசாமி பெஞ்சை விட்டு எழுந்தார். மழையில் நிற்கிறவரை ஒரு தரம் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிறவர் நிற்கிற அளவுக்குத் தள்ளி, அழகுத்தாய் முன்னால் கை கட்டி நின்றார்.

“தங்கச்சி,” என்றார்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்க குருசாமி வீட்டுக்காரிதான? அவன்கிட்ட நேர்ல கேக்க எனக்கு மொகம் இல்ல. நீங்க சொன்னாக் கேப்பான். சுவக்கீன் தெரியாம அடிச்சிட்டான், மனசுல வெச்சுக்கிட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சொல்லுவீகளா?”

தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற சுவக்கீன் திரும்பிப் பார்த்தார். அழகுத்தாய் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

“சொல்லுதேண்ணே,” என்றாள், தன் புருஷனைப் பார்த்து.